கீரிமலைத் தண்ணீரும் நூலக அலுமாரியும்



பாடசாலையில் செயற்றிட்டம் செய்து வரச் சொல்கிறார்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, கீழ் வகுப்புப் பிள்ளைக்கும் இது உண்டு. "அம்மா, தண்ணி வழங்கல் பத்தி எழுதணும்", "அப்பா, பாலம் கட்டுறது பத்தி எழுதணும்" என்று பிள்ளை வந்து நின்றால் நம்ம லயங்களில் நடப்பது என்ன? டவுனுக்குப் போய், கொமினிகேஷன் கடையில் தலைப்பைச் சொல்லி, பத்துப் பன்னிரண்டு பக்கம் பிரின்ட் எடுத்து, கலர் அட்டை போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். அம்மா ஒரு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்த பேர்க்காசு அதற்கே போய்விடுகிறது. பிள்ளையோ அதில் ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காக வாசித்திருக்காது. சேர் எழுப்பி ஒரு கேள்வி கேட்டால் முழிக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறது என்று யாரும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம். அந்த வழியைத்தான் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். ஒரு பொறியியல் தலைப்பை நூலகத்துக்குப் போய் எப்படித் தேடுவது, எப்படி வாசிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொறியியல் என்றதும் பயப்பட வேண்டாம். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டி, அரைக்கும் ரோலர், மலையில் வெட்டிய பாதை, ஆற்றுக்கு மேல் போட்ட பாலம், பீலிக்கு வரும் தண்ணி எல்லாமே பொறியியல்தான். 2013ஆம் ஆண்டில் ஏ.எல். வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டு, பொறியியல் தொழில்நுட்பம் என்று தனிப் பாடமே வந்துவிட்டது. கணிதப் பிரிவுக்குப் போக முடியாத பிள்ளைக்கும் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது.

பாடத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது கீரிமலை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நல்லூர், நயினாதீவு என்று பஸ் பிடித்து யாத்திரை போகும் நம்ம குடும்பங்கள் கீரிமலைக்கும் போய் நகுலேஸ்வரரைக் கும்பிட்டு, கேணியில் குளித்துவிட்டு வருவது வழக்கம். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அலை அடிக்கிறது. இந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணியில் ஆட்கள் குளிக்கிறார்கள். இது எப்படி? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் போவோம்.

1. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"கீரிமலை" என்பது தலைப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தலபுராணம் வரும், கோயில் வரலாறு வரும், சுற்றுலாப் புத்தகம் வரும். எல்லாவற்றையும் எழுதப் போனால் கொப்பி நிறையும், விஷயம் இருக்காது.

ஆகவே முதல் வேலை, நூலகத்துக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்வி எழுதுவது. நமது உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

ஒன்று, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நன்னீர் எங்கிருந்து வருகிறது?
இரண்டு, அதே குடாநாட்டில் சில கிணறுகள் உவராவது ஏன்?
மூன்று, அங்குள்ள மக்களுக்குக் குடிநீர் கொடுக்கப் பொறியியலாளர்கள் என்ன திட்டம் போட்டார்கள்?

முதலாவது கேள்வி நிலத்தையும் கல்லையும் பற்றியது. இரண்டாவது நீரைப் பற்றியது. மூன்றாவதுதான் முழுப் பொறியியல். இப்படிப் பிரித்தால் எந்த அலுமாரிக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

2. நூலகத்துக்குள் போவது

"அதெல்லாம் டவுன்காரருக்கு, தோட்டத்துப் புள்ளைங்கள உள்ள விடுவாங்களா?" என்று சில தாய்மார் கேட்கிறார்கள். கட்டாயம் விடுவார்கள். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் பொதுமக்களுக்கானவை. நாமும் பொதுமக்கள்தான்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டப் பகுதியில் செலவு செய்வதற்குப் பல வருடம் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சபை என்றால் நமக்கு இல்லை என்ற எண்ணத்தை இனி விட்டுவிடலாம்.

அங்கத்துவம் பெறும் விதி நூலகத்துக்கு நூலகம் கொஞ்சம் மாறும். விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்க. கிராம சேவகரின் வதிவிடச் சான்று, பிணை நிற்கும் பெரியவர் ஒருவரின் கையெழுத்து போன்றவை தேவைப்படலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்க, நிரப்பித் தருகிறோம்.

உள்ளே இரண்டு பகுதி இருக்கும். இரவல் வழங்கும் பகுதியில் உள்ள புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம். உசாத்துணைப் பகுதியில் உள்ள கலைக்களஞ்சியம், அகராதி, அறிக்கை, தேசப்படம் போன்றவற்றை அங்கேயே உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். செயற்றிட்டத்துக்கு இரண்டாவது பகுதிதான் அதிகம் உதவும். அதனால் கொப்பியும் பென்சிலும் கட்டாயம் கொண்டு போங்க.

3. முதுகில் உள்ள எண்

புத்தகத்தின் முதுகில் ஒரு சிறு சீட்டு ஒட்டி, அதில் எண் எழுதியிருப்பார்கள். மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876இல் வெளியிட்ட முறை அது. உலகத்து அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை பிரித்தார். ஒரே விஷயத்தைப் பற்றிய புத்தகங்கள் ஒரே எண்ணில், ஒரே இடத்தில் நிற்கும். தோட்டத்தில் மலைக்கு மலை நம்பர் போட்டிருப்பது போலத்தான்.

நமது மூன்று கேள்விக்கும் வேண்டிய எண்கள் இவை:

551 — புவிச்சரிதவியல், அதாவது நிலமும் கல்லும். இதற்குள் 551.49 நிலக்கீழ் நீர்.
620 — பொறியியல் பொது.
624 — குடிசார் பொறியியல்: பாலம், கட்டடம், அத்திவாரம்.
627 — அணை, கால்வாய், குளம்.
628 — குடிநீர் வழங்கலும் சுகாதாரப் பொறியியலும்.
954.93 — இலங்கை வரலாறு.

இந்த எண்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், "புக் எங்க இருக்கு?" என்று தயங்கி நிற்கத் தேவையில்லை. 551.49 என்ற இடத்தில் ஒரு புத்தகம் கிடைத்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீங்க. அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்கும் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்க. தேடாமலே நல்ல புத்தகம் பல முறை அங்கேதான் கிடைக்கும்.

நூற்பட்டியலில் தேடும்போது சொல்லை மாற்றி மாற்றித் தேட வேண்டும். கீரிமலை என்று பார்த்துக் கிடைக்காவிட்டால் நகுலேஸ்வரம், காங்கேசன்துறை, வலிகாமம், யாழ்ப்பாணக் குடாநாடு என்று பாருங்க. ஒருவர் நிலத்தடி நீர் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் நிலக்கீழ் நீர் என்று எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது கீரிமலையின் முதல் ஓசைக்குச் சிலர் 'ஐ' எழுத்து ஒன்று போடுவார்கள், சிலர் 'ஈ' எழுத்து இரண்டு போடுவார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்க.

4. பெரியதிலிருந்து சிறியதுக்கு

எடுத்த உடனே கஷ்டமான ஆங்கில அறிக்கையைப் பிடித்தால் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவோம். வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பாடசாலைப் புவியியல், விஞ்ஞானப் புத்தகம். அடுத்தது கலைக்களஞ்சியம். அதற்குப் பிறகு அந்த விஷயத்துக்கென்றே எழுதிய நூல். கடைசியாக ஆய்வுக் கட்டுரையும் திணைக்கள அறிக்கையும்.

புத்தகம் முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. முன்பக்கத்துப் பொருளடக்கத்தைப் பாருங்க. பின்பக்கத்தில் அகரவரிசைச் சுட்டி இருந்தால், யாழ்ப்பாணம், சுண்ணாம்புக்கல், ஊற்று என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று அது காட்டிவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் வாசித்தால் போதும்.

இலங்கையின் கற்களைப் பற்றி அறிய, பி. ஜி. குரே என்பவர் 1967இல் ஆங்கிலத்தில் எழுதிய இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூல் ஒன்று இருக்கிறது. நாட்டின் நீர்வளத்தை அறிய, எஸ். ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுதிய 'வாட்டர் ரிசோர்சஸ் ஒப் சிலோன்' என்ற பெரிய நூல் 1969இல் வெளிவந்தது. இப்படிப்பட்ட நூல்களைப் பெரிய நூலகங்களின் உசாத்துணைப் பகுதியில் கேட்டுப் பாருங்க. ஆங்கிலம் என்று ஒதுங்க வேண்டாம். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் வாசித்தாலும் அது உங்கள் சொந்த வாசிப்பு.

இவ்வாறு வாசித்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். நமது மலைநாடு பெரும்பாலும் மிகப் பழைய, கடினமான உருமாறிய பாறை. யாழ்ப்பாணக் குடாநாடு அப்படியல்ல, அது சுண்ணாம்புக்கல். மயோசீன் என்ற காலத்தில் கடலுக்கு அடியில் படிந்தது. மழைத் தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டு வாயு அதில் கரைகிறது. அதனால் தண்ணி மெல்லிய அமிலத் தன்மை பெற்று, சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான வருடத்தில் வெடிப்புகள் அகன்று, குழாய் போன்ற வழிகளும் குகைகளும் உண்டாகின்றன.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையின் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கித் தங்குகிறது. அது கல் வழியே கடலை நோக்கி மெதுவாக நகர்ந்து, கரையோரத்தில் வாய் கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது. கீரிமலை ஊற்று அப்படிப்பட்ட ஒரு வாய்.

5. வாசித்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இரண்டாவது கேள்வி, கிணறு உவராவது ஏன் என்பது. புத்தகத்தில் "நன்னீர் வில்லை" என்ற சொல் வரும். நல்ல தண்ணியை விடக் கடல் தண்ணி பாரமானது. ஆகவே நிலத்துக்கடியில் மழைத் தண்ணி கடல் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. எண்ணெய் தண்ணியில் மிதப்பது போல என்று சொல்லலாம், ஆனால் எண்ணெய் மாதிரித் தெளிவாகப் பிரியாது. நடுவில் இரண்டும் கலந்த பகுதி ஒன்று இருக்கும்.

வீட்டில் பரிசோதித்துப் பாருங்க. ஒரு கிளாஸ் நல்ல தண்ணியில் முட்டையைப் போட்டால் அடியில் போய்விடும். நிறைய உப்புக் கரைத்த தண்ணியில் போட்டால் மிதக்கும். உப்புத் தண்ணியின் பாரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதை அளவாகச் சொன்னவர்கள் இருவர். ஒல்லாந்தரான கைபன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஜேர்மனியரான ஹெர்ட்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே எழுதினார்கள். கணக்கு இதுதான். நன்னீரின் அடர்த்தி 1.000. கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. வித்தியாசம் 0.025. ஒன்றை 0.025ஆல் பிரித்தால் 40 வரும். அதாவது நிலக்கீழ் நீர்மட்டம் கடல் மட்டத்தை விட 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும்.

ஓர் இடத்தில் நீர்மட்டம் கடலை விட 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்க. கீழே 80 அடிக்கு நன்னீர் இருக்கும். அளவுக்கு மிஞ்சிப் பம்பு போட்டு இறைத்து அந்த 2 அடி 1 அடியாகக் குறைந்தால், 80 அடி 40 அடியாகிவிடும். மேலே குறைந்தது 1 அடி, கீழே உப்பு ஏறுவது 40 அடி. இது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆனால் தொடர்ந்து இறைத்துக்கொண்டே போனால் அந்தத் திசையில்தான் போகும். துலா போட்டு இறைத்த காலத்துக்கும் இயந்திரப் பம்பு வந்த காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதிலிருந்து பிள்ளைகள் தாமே எழுதலாம்.

இன்னொரு புத்தகத்தைப் பார்த்தால், சுண்ணாம்புக்கல்லில் குகையும் வெடிப்பும் இருப்பதால் 40 என்ற கணக்கு எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது என்று இருக்கும். இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். இரண்டையும் எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று ஒரு வரி சேருங்க. அந்த ஒரு வரி எந்தப் பிரின்ட் கடையிலும் கிடைக்காது.

6. கேட்டது வேறு, அளந்தது வேறு

கீரிமலைக்கு ஐதீகம் உண்டு. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் அங்கே நீராடி முகம் மாறப் பெற்றார் என்பார்கள். மாருதப்புரவீகவல்லி என்ற இளவரசியின் குதிரை முகம் மாறியதும் அந்தத் தீர்த்தத்தில்தான் என்பார்கள். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய ஆட்கள் கூடுவதும் அங்கேதான். இவை மக்களின் நம்பிக்கை. செயற்றிட்டத்தில் "இந்த இடத்தின் சிறப்பு" என்று ஒரு பந்தியில் மரியாதையாக எழுதலாம். ஆனால் தண்ணி எப்படி வருகிறது என்ற கேள்விக்கு விடையாக எழுதக்கூடாது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அது ஊர்ப்பேச்சு. நவக்கிரியில் நிலாவரை என்று ஓர் ஆழக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நாம் மேலே சொன்ன வில்லைக்கு அது கண்கண்ட சாட்சி. அந்தக் கிணற்றுக்கும் கீரிமலைக்கும் நிலத்துக்கடியில் வழி இருக்கிறது என்று ஊரில் சொல்வாங்க. சுண்ணாம்புக்கல்லில் வழிகள் உண்டாவது உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு என்று எழுத அது மட்டும் போதாது. பொறியியலாளர்கள் இப்படிப்பட்ட சந்தேகம் வந்தால் தீங்கில்லாத சாயத்தை ஓரிடத்தில் கரைத்துவிட்டு, மற்ற இடத்தில் அது வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்று பார்ப்பார்கள். அளந்த விடை கையில் இல்லாவிட்டால், "என்று ஊரில் கூறுவர்" என்று மட்டும் எழுதுங்க.

போனில் தேடிக் கிடைக்கும் பதிலுக்கும் இதே சட்டம்தான். யார் எழுதியது, எப்போது எழுதியது, எங்கே அளந்தது என்று இல்லாவிட்டால் அதுவும் ஊர்ப்பேச்சுத்தான்.

7. அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள்

புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் ஆண்டைப் பாருங்க. பழைய புத்தகம் கெட்ட புத்தகம் அல்ல. கல் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. ஆனால் ஊர் மாறியிருக்கும்.

உதாரணத்துக்கு, கீரிமலையைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1980களில் அச்சான புவியியல் நூலில், அங்கே சீமெந்து உற்பத்தி நடக்கிறது என்று இருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதினால் பிழை. 1990இல் போர் காரணமாக உற்பத்தி நின்றது. அந்த வருடம் வலிகாமம் வடக்கு மக்களும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. பல வருடம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலம், போர் முடிந்த 2009க்குப் பிறகு பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது.

மூன்றாவது கேள்விக்கும் ஆண்டு முக்கியம். மேலே சொன்ன பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து ஓடிவரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகிறது. அங்கே கடல்நீர் உள்ளே வராமல் அணைகட்டி மறித்து, ஆற்று நீரைத் தேக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் விடுவது யோசனை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை போட்டால், உவர் நீரேரிகள் மெல்ல மெல்ல நன்னீராகும், சுற்றியுள்ள கிணறுகளும் பயன்பெறும். வேலை பகுதி பகுதியாக நடந்தது, முழுத் திட்டம் நிறைவேறவில்லை.

பிறகு இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகும் யோசனை வந்தது. தங்கள் வயலுக்குத் தண்ணி போதாமல் போகும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறக்கப்பட்டது. மெல்லிய சவ்வின் ஊடாகக் கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் தள்ளி உப்பைப் பிரிக்கும் முறை அது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர்.

1969இல் வந்த நூலில் மட்டும் வாசித்த பிள்ளை ஆறுமுகத்தின் திட்டத்தோடு நிறுத்திவிடும். பத்திரிகையை மட்டும் வாசித்த பிள்ளை தாளையடியை மட்டும் எழுதும். இரண்டையும் வாசித்த பிள்ளைக்குத்தான் 70 வருடக் கதை தெரியும். ஆகவே புத்தகத்தோடு சேர்த்து, நூலகத்தில் கட்டி வைத்திருக்கும் பத்திரிகைகளையும் பாருங்க.

8. குறிப்பெடுக்கும் முறை

ஈயடிச்சான் கொப்பி வேண்டாம். ஒரு பந்தியை வாசியுங்க, புத்தகத்தை மூடுங்க, விளங்கியதை உங்க சொல்லில் இரண்டு வரியில் எழுதுங்க. பிறகு திறந்து எண்களைச் சரிபாருங்க.

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு தனித்தாள். பழைய கொப்பித் தாளை நாலாக வெட்டினால் போதும். தாளின் தலையில் ஆறு விஷயம் எழுத வேண்டும்: நூலின் பெயர், எழுதியவர், ஆண்டு, பக்கம், எந்த நூலகம், வகுப்பு எண். அதற்குக் கீழே குறிப்பு. ஓரத்தில் 1, 2, 3 என்று எந்தக் கேள்விக்கு உரிய விடை என்று போடுங்க. கடைசியில் தாள்களைக் கேள்வி வாரியாக அடுக்கினால் செயற்றிட்டம் பாதி எழுதியாயிற்று.

படம் வேண்டுமென்றால் வெட்டி ஒட்டாதீங்க, கையால் வரையுங்க. நிலத்தைக் குறுக்கே வெட்டியது போல ஒரு படம். மேலே மண், கீழே சுண்ணாம்புக்கல், நடுவில் வில்லை மாதிரி நன்னீர், அடியில் கடல்நீர், ஓரத்தில் ஊற்று. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வரைந்த பிள்ளைக்கு அது மறக்காது.

9. புத்தகம் கிடைக்காவிட்டால்

நம்ம ஊர் நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இருக்காது. அதற்காக மனம் விட வேண்டாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தொடங்கிய முயற்சி அது. 1959இல் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. இந்திய நூலகத்துறையின் தந்தை என்று சொல்லப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் அதற்கு ஆலோசனை கூறியவர். 1981 ஜூன் முதலாம் திகதி இரவு அது எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே ஒரு பிரதியாக இருந்தவை திரும்பக் கிடைக்கவே இல்லை. பின்னர் கட்டடம் திருத்திக் கட்டப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் நூலகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இன்று அங்கே போகும் பிள்ளைகள் மறுபடியும் சேர்த்த புத்தகங்களைத்தான் வாசிக்கிறார்கள்.

மீதமிருக்கும் புத்தகங்களாவது அழியாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. 2005இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டது. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். மலையகத்து வெளியீடுகளும் அங்கே உண்டு. போனில் 'நூலகம் டொட் ஓர்க்' என்று போய்ப் பாருங்க. ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது 'க' வரும் இடத்தில் 'எச்' போட வேண்டும்.

கொழும்புக்குப் போகும் வேலை வந்தால் சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம் இருக்கிறது. கண்டிப் பக்கம் உறவினர் இருந்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் இருப்பது நினைவிருக்கட்டும். பாடசாலை அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நீர்வளச் சபை, நில அளவைத் திணைக்களம் ஆகியவற்றுக்கும் தெளிவாக ஒரு கேள்வி எழுதிக் கடிதம் அனுப்பலாம். "கீரிமலை பற்றி எல்லாம் அனுப்புங்கள்" என்று எழுதினால் பதில் வருவது கஷ்டம். "இந்த ஆண்டுக்குரிய இந்த அளவு வேண்டும்" என்று எழுதினால் பதில் எழுதுவது அவர்களுக்கும் சுலபம்.

10. இனி நம்ம பீலிக்கு வருவோம்

கீரிமலை தூரத்து உதாரணம். அதே முறையில் நம்ம தோட்டத்துப் பீலியை ஆராயலாம். நமக்குச் சுண்ணாம்புக்கல் இல்லை, கடலும் இல்லை. மழை, மக்கிய பாறைக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் இறங்கி, மலைச்சரிவில் ஊற்றாக வருகிறது. அந்த ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது? தேயிலை மலையா, கக்கூஸ் குழியா, மாட்டுப்பட்டியா? மலைக்கு உரம் போட்ட பிறகு மழை பெய்தால் அது எங்கே போகும்?

இது மார்க்ஸுக்கு மட்டுமான கேள்வியல்ல. யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நைத்திரேற்று கலப்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கூடினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு போக முடியாமல் உடம்பு நீலம் பாயும். தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இதைத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளை லயத்தில் இருந்தால் அந்த லயத்துக்கே நல்லது. கிருமிக்குக் கட்டாயம் கொதிக்க வையுங்க. உரத்துக்கு ஊற்றின் மேற்பக்கத்தைப் பாதுகாக்க வேண்டும். தண்ணியைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்க.

ஆகவே இந்த இதழில் மாணவருக்கு ஒரு பயிற்சி தருகிறோம். உங்க பீலியைப் பற்றி மூன்று கேள்வி எழுதுங்க. 551, 627, 628 என்ற மூன்று அலுமாரியிலும் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுங்க. வாரம் ஒரு நாள் ஒரே வாளியை வைத்து, அது நிறைய எத்தனை செக்கன் ஆகிறது என்று எழுதி வாருங்க. மூன்று மாதத்தில் மழைக்கும் தண்ணிக்கும் உள்ள தொடர்பு உங்க கொப்பியிலேயே இருக்கும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிரின்ட் கடைக்குக் கொடுக்கும் காசில் பஸ்ஸுக்கு மட்டும் கொடுத்து, சனிக்கிழமை பிள்ளையை நூலகத்துக்கு அனுப்புங்க. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் "எத்தனை பக்கம் எழுதின?" என்று கேட்காதீங்க. "இன்னைக்கி என்ன தெரிஞ்சிக்கிட்ட, எனக்கும் சொல்லு" என்று கேளுங்க. உங்களுக்கு எழுத்து வாசிப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளை, சேர் முன்னாலும் சொல்லும்.

பயிற்சியைச் செய்து முடித்த மாணவர்கள் கொப்பியை நலன்புரி அலுவலகத்தில் காட்டலாம். வாளிக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.